விசாலத்தின் கடைசிக் குப்பி

திருவனந்தபுரத்தில் எங்கள் விமானமும் வளைகுடாவிலிருந்து வந்த ஒன்றும் அடுத்தடுத்து இறங்கின. பெட்டிகள் சுற்றி வரும் பட்டையில் கயிறு கட்டிய டி.வி. பெட்டிகளும், ஊர்ப்பெயர் எழுதிய போர்வை மூட்டைகளும் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. என்னிடம் ஒரு தோள்பை மட்டும். சுங்க அதிகாரி மற்றவர்களை விட்டுவிட்டு என்னை நிறுத்தினார்.

“சிங்கப்பூரிலிருந்து ஒன்றுமே கொண்டுவரவில்லையா?” என்று மலையாளத்தில் கேட்டார்.

“இல்லை.”

“பிறகு எதற்கு வந்தீர்கள்?”

மனைவியைப் பார்க்க என்று வாய்வரை வந்துவிட்டது. மனைவி வீட்டுக்கு என்று திருத்திச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு அனுப்பினார். மாமனார் வீட்டுக்கு வெறுங்கையோடு போகிறவனின் பையில் தேட என்ன இருக்கிறது என்று நினைத்திருக்கலாம்.

விசாலம் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சிங்கப்பூரில் எரித்தோம், அங்கேயே கடலில் கரைத்தோம். நான் ஒரு தமிழ் நாளிதழின் செய்தி மேசையில் வேலை பார்க்கிறவன். முடிந்துபோன செய்தி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அப்படித்தான் நினைத்திருந்தேன், திருவனந்தபுரத்து வலியசாலையிலிருந்து அவள் அண்ணன் ஹரன் தொலைபேசியில் கூப்பிடும்வரை.

“மாப்பிள்ளே, பயப்படாதேங்கோ. விசாலம் இன்னும் இங்கேதான் இருக்காளாம். ஐஸ்ல.”

விமான நிலையத்துக்கு ஹரன் குடையோடு வந்திருந்தார். மழை இல்லை. அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஊரில் குடை இல்லாமல் இறங்குகிறவர்களை அவர் நம்புவதில்லை. ஆட்டோவில் வலியசாலைக்குப் போகும் வழியெல்லாம் என் உடம்பைப் பற்றியே பேசினார். ஐஸில் இருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், தெருக்கோடியில் கோயில். உள்ளே போனதும் அவர் மனைவி சீதா காப்பியை வைத்துவிட்டு, “இவர் உங்களோட சண்டை போடணும்னு காலம்பறேந்து ஒத்திகை பார்த்துண்டிருக்கார். காப்பி குடிச்சுட்டு ஆரம்பிங்கோ” என்றாள்.

என்ன சண்டை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

விசாலத்துக்கு வந்தது தைராய்டு நோய். உடம்பைக் காக்க வேண்டிய, ஆன்டிபாடி என்கிற எதிர்ப்புப் பொருள்களில் ஒன்று வழி தவறி, அவள் கழுத்திலிருந்த தைராய்டுச் சுரப்பியைப் பிடித்துக்கொண்டது. கை நடுங்கியது. கண்கள் முன்னுக்கு வந்தன. படுத்திருக்கும்போதும் இதயம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது இரவுப் பணி. அண்ணன் வீட்டில் தங்கி வைத்தியம் பார்க்கிறேன் என்று அவளே கிளம்பி இங்கே வந்து சில மாதம் இருந்தாள். அந்தச் சமயத்தில்தான் நகருக்கு வெளியே ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் டாக்டர் ஷைலஜா அவளிடம் கொஞ்சம் இரத்தம் கேட்டார். கொடுத்தாள். அன்று மாலையே எனக்குத் தொலைபேசினாள்.

“என் ரத்தத்திலேந்து ஒரு செல்லை எடுத்து எலிச் செல்லுக்குக் கட்டி வெச்சுட்டா. நல்ல எடமாக்கும். சாகவே சாகாதாம் அந்த எலி. நீங்க பொறாமைப்படாதேங்கோ.”

குணமாகித் திரும்பி வந்தாள். பிறகு நோயும் திரும்பி வந்தது. தாளம் கெட்ட இதயத்தில் உறைந்த ஒரு துளி இரத்தம் மூளைக்குப் போயிற்று. அந்த எலிக் கல்யாணத்தை நான் மறந்தே போனேன்.

இப்போது ஷைலஜாவிடம் மிச்சமிருந்தது அந்தச் செல்களை உறைய வைத்த ஒரே ஒரு குப்பி. அதை உருக்கிச் செல்களை மீண்டும் வளர்த்துப் பார்க்க வேண்டும். சட்டப்படி யாரையும் கேட்கவேண்டியதில்லை. ஆனால் விசாலம் இறந்த செய்தி கேள்விப்பட்டு, சொல்லாமல் செய்ய மனம் வராமல், ஹரனுக்குத் தகவல் சொன்னார். ஹரன், அதை உருக்கக் கூடாது, நம்மிடம் கொடுத்துவிட வேண்டும், கடலில் கரைக்க வேண்டும் என்றார். “கொஞ்சம் உசிரோட இருக்கறவளுக்கு எப்படி ஸ்ரார்த்தம் பண்றது? பண்ணின ரெண்டு ஸ்ரார்த்தமும் செல்லுமா செல்லாதா?” என்பது அவர் கேள்வி. புருஷன் சொல்லட்டும் என்று ஷைலஜா சொல்லிவிட்டார். எனவே நான் வந்தேன்.

மறுநாள் காலை புட்டும் கடலையும் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன். கேரளத்து பஸ்களில் ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் தார்ப்பாயை இறக்கிவிட்டு எல்லோரும் இருட்டில் பயணம் செய்கிறார்கள். மழை வந்தது. நான் இறங்கவேண்டிய நிறுத்தம் இருட்டிலேயே கடந்து போயிற்று. “எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?” என்று கண்டக்டர் கேட்டார். பார்க்க எதுவும் இல்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? இரண்டு நிறுத்தம் திரும்பி நடந்தேன்.

ஷைலஜா நாற்பது வயதுக்காரர், பருத்திப் புடவை, காலில் ரப்பர் செருப்பு. தமிழ் புரியும், பேசுவது மலையாளம். அவர் சொன்னதை நான் தமிழில் தருகிறேன். ஆய்வுக்கூட கேன்டீனில் பதிமுகம் என்ற மரச்சீவல் போட்ட இளஞ்சிவப்பு வெந்நீரை எனக்கு ஊற்றிவிட்டு ஆரம்பித்தார்.

“மூளைக்கு அடியிலிருந்து தைராய்டுக்குக் கட்டளை வரும், வேலை செய் என்று. போதும் என்றால் கட்டளை நின்றுவிடும். இந்த ஆன்டிபாடி முதலாளியின் குரலில் பேசுகிற போலி. அதற்கு நிறுத்தத் தெரியாது. தைராய்டு ராப்பகலாக வேலை செய்து உடம்பையே எரித்துவிடும்.”

“அதை ஏன் வளர்க்க வேண்டும்?”

“நோயாளியின் இரத்தத்தில் ஆயிரம் விதமான ஆன்டிபாடிகள் கலந்து கிடக்கும். எது குற்றவாளி என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஒரே ஒரு செல்லைத் தனியே எடுத்து, அதன் சந்ததியை மட்டும் வளர்த்தால், ஒரே ஒரு விதமான ஆன்டிபாடி சுத்தமாகக் கிடைக்கும். அது எங்கே பிடிக்கிறது, எப்படிப் பிடிக்கிறது, எதைக் கொண்டு விலக்கலாம் என்று பார்க்கலாம். எலிக்கு ஊசி போட்டு எலியின் ஆன்டிபாடியை எடுப்பது சுலபம். ஆனால் எலிக்கு இந்த நோய் இல்லையே, சார். நோய்வாய்ப்பட்ட மனுஷியின் செல் வேண்டும். அதைத் தட்டின் சிறு குழியில் தனியே வைத்தால் சில நாளில் செத்துப்போகும். அதனால்தான் சாகாத எலிச் செல்லோடு அதை இணைக்கிறோம்.”

நூற்றுக்கணக்கான குழிகளில் ஒரே ஒரு குழிதான் அவருக்கு வேண்டியதைத் தந்தது. அது விசாலத்தின் செல். தைராய்டுச் செல்களின்மேல் அந்தக் குழியின் திரவத்தை விட்டபோது அவை விழித்துக்கொண்டதுபோல் தெரிந்தது. உறுதி செய்வதற்குள் செல்கள் ஆன்டிபாடி செய்வதை நிறுத்திவிட்டன. உறைய வைத்திருந்த குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். ஒவ்வொரு முறையும் செல்கள் பிழைத்தன, ஆனால் வேலையை மறந்திருந்தன. மிச்சமிருப்பது ஆகப் பழைய குப்பி, செல் பிறந்த புதிதில் உறைய வைத்தது.

“அன்றைக்குப் பார்த்தது உண்மையா, அல்லது பார்க்க வேண்டும் என்ற என் ஆசையா? அந்தக் குப்பிக்குத்தான் தெரியும்” என்றார்.

திரவ நைட்ரஜன் தொட்டியைக் காட்டச் சொன்னேன். பால் கேன்போல இருந்தது. மூடியைத் தூக்கியதும் வெண்புகை பொங்கித் தரையில் வழிந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. செய்தி மேசையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. போடுவதா வேண்டாமா என்று தெரியாத செய்தியை நிறுத்தி வைப்போம். நிறுத்தி வைத்திருக்கும்வரை அது பொய்யும் ஆகாது, பழசும் ஆகாது. வாழ்நாள் முழுதும் அந்த மூடியைத் திறக்காமல் விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. சிங்கப்பூரில் படுத்துக்கொண்டு, அந்த ஊரில் ஒரு தொட்டியில் அவள் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளலாம்.

“இரத்தம் எடுத்த அன்று அவர் என்னிடம் ஒன்று சொன்னார்” என்றார் ஷைலஜா, மூடியை வைத்துவிட்டு. “என் உடம்புக்கு என்மேல் என்ன கோபம் என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றார். நான் கேட்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.”

அவள் குரலில் அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குக் கேட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பி வந்து, வீட்டில் அவள் கேட்டதைச் சொன்னேன்.

சாயங்காலம் ஹரன் தன் கட்சிக்கு ஆள் சேர்க்க வாத்தியாரை வரவழைத்திருந்தார். வலியசாலையில் பாதி வீடுகளின் ஸ்ரார்த்தத்துக்கு அவர்தான் வாத்தியார். ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, குடுமியை முடிந்துகொண்டே விஷயத்தைக் கேட்டார். கேட்டு முடித்ததும் சீதா கொடுத்த மோரைக் குடித்தார்.

“ஓய் ஹரன், ரத்த பேங்க்ல ரத்தம் கொடுக்கறா. அது இன்னொருத்தன் உடம்புல ஓடிண்டிருக்கும். கொடுத்தவன் போயிட்டா ஸ்ரார்த்தம் கிடையாதுன்னு சொல்லுவேளா?”

“அது வேற, வாத்யாரே. இது வளர்றதாக்கும்.”

“வளரட்டுமே. தென்னம்பிள்ளை ஒண்ணைத் தானம் பண்ணினா காய்க்காதோ? காய்ச்சுடுத்துன்னு சொல்லி வெட்டிண்டு வருவேளோ? கொடுத்தாச்சுன்னா கொடுத்தாச்சு. அது அவளோடது இல்லை. உம்மோடது இல்லை. இவரோடதும் இல்லை.”

ஹரன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். “கன்னுக்குட்டி ரத்தத்தை ஊத்தியாக்கும் வளர்க்கறா. டாக்டரே சொன்னா. நம்மாத்துப் பொண்ணு!”

வாத்தியார் டம்ளரைக் கீழே வைத்தார். “இதை ஏன் ஓய் எங்கிட்ட சொன்னேள்? சொல்லாட்டா நான் கேட்டிருக்க மாட்டேனே.”

சீதா சமையலறையிலிருந்தே சொன்னாள்: “அவ நடமாடிண்டிருந்தப்போ ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போக இவருக்கு லீவு கிட்டலை. நான்தான் போனேன். இப்போ குப்பிக்கு உரிமை கொண்டாடறார்.”

ஹரன் எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். அன்று இராத்திரிச் சாப்பாட்டுக்கு மொளகூஷ்யமும் சுட்ட அப்பளமும். இலையைப் பார்த்தபடியே, “கேட்டேளா, உருக்கச் சொல்லுங்கோ” என்றார். “அவ கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொல்லணுமே.”

அவர் சொல்லித்தான் எனக்கும் தெரிந்தது, நான் முன்பே முடிவு செய்துவிட்டேன் என்பது.

குப்பியை உருக்குவதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. விரல் நுனி அளவுள்ள பிளாஸ்டிக் குப்பி. ஷைலஜா அதை இடுக்கியால் எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துக் கையால் ஆட்டினார். மெல்ல உறைய வேண்டும், சட்டென்று உருக வேண்டும், இல்லாவிட்டால் பனிக்கட்டியின் முனைகள் செல்லைக் கிழித்துவிடும் என்றார். ஓர் அரிசியளவு பனி மிச்சமிருக்கும்போதே வெளியே எடுத்து, காற்றை வடிகட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுபோய், இளஞ்சிவப்புத் திரவத்தில் சொட்டுச் சொட்டாக விட்டார். பிறகு இன்குபேட்டரின் கதவைச் சாத்தினார். பார்க்கலாமா என்று கேட்டேன்.

“இன்றைக்குத் தொந்தரவு செய்யக் கூடாது. நாளைக் காலையில் திரவத்தை மாற்ற வேண்டும். உறையும்போது காப்பாற்றச் சேர்த்த மருந்து, உருகிய பிறகு அவற்றுக்கே விஷம். மாற்றும்போது பார்க்கலாம்.”

அன்று சாயங்காலம் மறுநாள் ஹர்த்தால் என்று அறிவித்தார்கள்.

காரணத்தை விசாரித்தேன். ஆட்டோக்காரர் ஒன்று சொன்னார், பேக்கரிக்காரர் வேறு ஒன்று. இருவரும் கோழி வாங்கும் வரிசையில் நின்றிருந்தார்கள். எங்கள் ஊரில் ரயில் சற்றுத் தாமதித்தால் ஆசிரியருக்குக் கடிதம் வரும். இங்கே ஒரு நகரம் முழுதும் நாளை நிற்கப் போகிறது. மக்கள் அதற்கு விருந்து சமைக்கத் தயாராகிறார்கள்.

காலையில் ஷைலஜா தொலைபேசினார். உதவியாளர் பெண் ஊருக்குப் போய்விட்டாள், தானே நடக்கத் தொடங்குகிறேன், நீங்கள் வர வேண்டாம் என்றார். அவர் வீடு இருந்த கைமனத்திலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு நடந்தால் மத்தியானம் ஆகிவிடும்; அதுவரை செல்கள் அந்த விஷத்திலேயே கிடக்க வேண்டும்.

“இன்னிக்கு காக்காகூடப் பறக்காது, மாப்பிள்ளே” என்றார் ஹரன்.

ஆனால் ஹர்த்தாலில் பாலும், பத்திரிகையும், ஆஸ்பத்திரியும் போகலாம். அதுதான் அந்த ஊர்ச் சட்டம். ஆரியசாலையின் மொத்தக் கடைக்காரர்களில் பலர் தமிழர்கள். கடை அடைத்திருந்தாலும் அவர்களுக்குத் தமிழ்ப் பேப்பர் வந்தாக வேண்டும் என்று கணக்குப் போட்டேன். மூடிய கதவுகள் முன்னால் போய் நின்றேன். கண்ணாடியில் பத்திரிகை என்று பொருள்படும் ‘பத்திரம்’ என்று மலையாளத்தில் ஒட்டிய வேன் வந்தது. ஓட்டியவர் மார்த்தாண்டத்துக்காரர், பெயர் செல்வராஜ். நானும் பேப்பர்காரன்தான் என்றேன்.

“எந்தப் பேப்பரு?” பெயரைச் சொன்னேன். “கேட்டதே இல்லியே. செரி, ஏறுங்க அண்ணாச்சி. பொய் சொல்லுதவன் கேட்ட பேப்பரால்லா சொல்லுவான்.”

கட்டுகளைக் கதவுக்கடியில் தள்ளிவிட்டு, கரமனையைத் தாண்டி ஷைலஜாவைத் தேடிப் போனோம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலிச் சாலையின் நட்டநடுவே அவர் நடந்து வந்துகொண்டிருந்தார். பேப்பர் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டார். ஒரு முனையில் கொடிகளோடு பத்துப் பேர் வேனை மறித்தார்கள்.

“பத்திரமா?” என்று ஒருவர் கேட்டார்.

“பத்திரம்” என்றார் செல்வராஜ்.

“இந்த அம்மா?”

“ஆஸ்பத்திரி.”

“பால் எங்கே?” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் ஒரு பேப்பரை உருவிப் பார்த்தார். தமிழ் படிக்கத் தெரியவில்லை. “எங்கள் ஹர்த்தாலைப் போட்டிருக்கிறார்களா?” செல்வராஜ் தேடி, ஆறாம் பக்கத்தில் ஒரு மூலையில் விரலை வைத்தார். “இவ்வளவுதானா?” என்று தலைவர் என்னைப் பார்த்தார். எங்கள் பேப்பரில் அதுவும் வந்திருக்காது என்பதை நான் சொல்லவில்லை. வழி விட்டார்கள்.

“முந்தி இதுக்குப் பேரு பந்த்” என்றார் செல்வராஜ். “பந்த் நடத்தப்புடாதுண்ணு கோர்ட்டு சொல்லிட்டு. இப்பம் ஹர்த்தால். பேருதான் மாறிச்சு, நமக்குச் சோறு கெடைக்காதது மாறல.” ஆய்வுக்கூட வாசலில் இறக்கிவிடும்போது, “அம்மா, யாருக்கு சீரியஸ்?” என்று கேட்டார். ஷைலஜா என்னைப் பார்த்தார். “இவருடைய மனைவிக்கு” என்றார்.

செல்வராஜ் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். “சரியாயிரும் அண்ணாச்சி” என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். நான் தலையாட்டினேன். அவள் இருந்தவரை அந்த வார்த்தையை யாரும் என் கையைப் பிடித்துச் சொன்னதில்லை.

ஷைலஜா ஒரு துளியை எடுத்து நீலச் சாயத்தில் கலந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். செத்த செல் நீலத்தை உள்ளே விடும். உயிருள்ள செல் விடாது. அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து எனக்கு இடம் விட்டார்.

முதலில் எல்லாம் நீலம். நீலப் புள்ளிகள், உடைந்தவை, திட்டாகச் சேர்ந்தவை. நகர்த்தும் குமிழை என் விரலில் கொடுத்து மெதுவாகத் திருப்பச் சொன்னார். ஓரமாக ஒன்று வந்தது. வட்டமாக, ஒளியோடு, நீலம் படாமல். அப்புறம் இன்னொன்று. பக்கத்தில் ஒன்று.

“போதுமா?” என்று கேட்டேன்.

“ஒன்று போதும் சார், அது சரியானதாக இருந்தால்.”

கண்ணை எடுக்க முடியவில்லை. அதே சமயம் ஒன்று உறைத்தது. நான் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தது அவள் கையையோ கண்ணையோ சேர்ந்த எதையும் அல்ல. அவளை எரித்த பொருளைச் செய்த செல் இது. அவள் உடம்பில் இருந்த கோடானுகோடிச் செல்களில், உங்களை விட்டால் எனக்கு எதிராக ராப்பகலாக உழைத்தது இது ஒன்றுதான் என்று அவளே கேலி செய்திருப்பாள். எல்லாம் சாம்பலாகி, இது மட்டும் பிழைத்திருக்கிறது. எனக்கு அதன்மேல் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

செல்கள் பெருகி, ஆன்டிபாடி இருக்கிறதா என்று சோதிக்கும் அளவுக்கு வர ஒரு வாரத்துக்குமேல் ஆகும். விடுப்பை நீட்டித்தேன். அந்த நாட்களில் ஊரைச் சுற்றினேன். விழிஞ்ஞத்தில் படகுகள் கரையேறும் நேரத்தில் போய் நின்று, மீன் ஏலம் விடுகிறவர்களின் குரலுக்கு நடுவே எதுவும் வாங்காமல் திரும்பினேன். ஆரியசாலையில் மிளகு மூட்டைகளுக்கு நடுவே ஒரு சந்தில் டீக்கடை. தென்காசிப் பக்கத்துப் பையன்கள் தமிழில் ஆர்டர் வாங்கி மலையாளத்தில் உள்ளே கத்தினார்கள். விசாலம் சொன்ன கடைகளைத் தேடவில்லை. ஆனால் நடக்கும்போது பாதையின் உள்பக்கத்தை விட்டு, வாகனம் வரும் பக்கமாகவே நடந்துகொண்டிருந்தேன் என்பதைக் கவனித்தேன். அவள் என் இடப்பக்கம் வருகிற பழக்கம்.

தினமும் சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஷைலஜாவுக்குத் தொலைபேசினேன். “நன்றாக இருக்கிறது, இரண்டு மடங்கு ஆகிவிட்டது” என்பார். வீட்டில் போய்ச் சொன்னால் ஹரன், “சாப்பிடறதாமா?” என்று கேட்பார். பிறகு கன்றுக்குட்டி ஞாபகம் வந்து பேச்சை மாற்றுவார். சீதாவுக்கு ஒரே கேள்வி: “கோவம் என்னன்னு சொல்லித்தோ?”

சொல்லவில்லை.

சோதனை நாளன்று நான் போயிருந்தேன். ஒரு தட்டில் வரிசையாகச் சிறு குழிகள். ஆன்டிபாடி இருந்தால் குழி மஞ்சளாகும். வேறு நோயாளிகளின் இரத்தத்திலிருந்து வைத்த குழிகள் எலுமிச்சை மஞ்சளாயின. விசாலத்தின் வரிசை தண்ணீர்போல நின்றது. ஷைலஜா கடிகாரத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடுத்த நாளும் செய்தார். அதுவும் தண்ணீர்தான்.

“மறந்துவிட்டதா?” என்று கேட்டேன்.

“மறதி இல்லை. நான் பேச்சுக்கு அப்படிச் சொல்வேன்.” அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “மனுஷச் செல்லையும் எலிச் செல்லையும் இணைத்தால், ஒவ்வொரு முறை பிரியும்போதும் அது மனுஷக் குரோமோசோம்களை ஒன்றிரண்டாக வெளியே தள்ளிவிடும். எலியுடையதை வைத்துக்கொள்ளும். ஆன்டிபாடிக்கான கட்டளை எதில் இருந்ததோ அது போய்விட்டது. குப்பியில் அடைத்த அன்றே போய்க்கொண்டிருந்திருக்க வேண்டும். வேறு நோயாளியிடம் கேட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.”

“அப்படியானால் இப்போது வளர்கிறதே, அதில் எவ்வளவு அவள்?”

அவர் தட்டைக் கீழே வைத்தார். நான் பேட்டி கண்ட எத்தனையோ பேர் இந்த இடத்தில் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருப்பார்கள்.

“தெரியாது சார். கொஞ்சம். ஒவ்வொரு நாளும் அதைவிடக் குறைவு.”

வீட்டில் சொன்னேன். ஹரன் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சீதா மட்டும் பேசினாள். “அப்போ அது இப்போ ஒரு பாவமும் பண்றதில்லை இல்லையா? அவளை ஹிம்சை பண்ணிண்டிருந்தது நின்னு போச்சு.” ஆமாம் என்றேன். “இது முன்னாடியே நின்னிருக்கப்படாதோ” என்று உள்ளே போனாள்.

ஊருக்குக் கிளம்பும் நாள் டாக்சியை முதலில் ஆய்வுக்கூடத்துக்கு விடச் சொன்னேன். ஷைலஜா செல்கள் வளர்ந்த பிளாஸ்க்கைத் தனியே எடுத்து வைத்திருந்தார். உபயோகமில்லாத செல்களை வைத்திருக்க முடியாது. இடம் வேண்டும், திரவம் வேண்டும், அவற்றில் கிருமி இருந்தால் வெளியே போகக் கூடாது. ப்ளீச்சை ஊற்றிக் கொன்றுவிட்டுத்தான் கொட்ட வேண்டும். அது எல்லா ஆய்வுக்கூடத்திலும் உள்ள முறை. எனக்காகக் காத்திருந்தார் போலும். ப்ளீச் பாட்டிலின் மூடி ஏற்கெனவே தளர்ந்திருந்தது.

“ஒருமுறை பார்க்கிறீர்களா?”

பார்த்தேன். இப்போது நீலம் இல்லை. தளம் முழுக்க ஒளியுள்ள வட்டங்கள். நெருக்கமாக, திராட்சைக் குலைகளாக. குமிழைத் திருப்பிக்கொண்டே போனபோது ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. நீண்டு, நடுவில் இடுங்கி, எட்டு என்ற எண்ணைப்போல. செத்துக்கொண்டிருக்கிறதா என்று கேட்டேன்.

அவர் குனிந்து பார்த்தார். “இல்லை. பிரிந்துகொண்டிருக்கிறது. பாதி வழிக்குமேல் வந்துவிட்டது.”

“இரண்டாக எவ்வளவு நேரம் ஆகும்?”

“கால் மணி. வெளியே எடுத்துவிட்டதால் குளிர்ந்திருக்கும், அரை மணிகூட ஆகலாம்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் ப்ளீச் பாட்டிலின் மூடியை இறுக்கி மூடினார். எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்; தானும் உட்கார்ந்தார். கீழே டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். நான் ஜன்னலுக்குப் போய் இன்னும் கொஞ்ச நேரம் என்று கை காட்டினேன். அவர் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

அவ்வப்போது அவர் பார்த்தார், அவ்வப்போது நான் பார்த்தேன். இடுப்பு மெலிந்துகொண்டே போய் ஒரு நூலாயிற்று. நூல் அப்படியே நின்றது. நான் மூச்சு விட்டதில் கண்ணாடி மங்கியது. துடைத்துவிட்டுப் பார்த்தபோது நூல் இல்லை. தொட்டுக்கொண்டு இரண்டு வட்டங்கள், ஒரே அளவில்.

“எது பழையது?” என்று கேட்டேன்.

“அப்படி ஒன்று கிடையாது சார். இரண்டும் அதேதான்.”

அவர் எழுந்து கையுறையை மாட்டிக்கொண்டார். பாட்டிலை எடுத்தார், ஆனால் ஊற்றவில்லை. “ஊற்றட்டுமா?” என்று என்னைக் கேட்டார்.

அது என்னுடையது இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

“ஊற்றுங்கள்” என்றேன். இளஞ்சிவப்பு வெளுத்துத் தண்ணீராகும்வரை அங்கேயே நின்றேன்.